உப்பின் மேல் பூசிய கறுப்பு

பனி கொட்டி ஓய்ந்தபின் வரும் முதல் வெயில் சனிக்கிழமையில், நியூஜெர்சியின் பார்சிப்பனி ஊரில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கார் வாஷில் வரிசை ரோடு வரை நிற்கும். மூன்று குளிர்காலமாக அந்த வரிசையில் நானும் நின்றேன். மற்றவர்களுக்குக் கார் பளபளக்க வேண்டும். எனக்கு மேற்புறத்தைப் பற்றிக் கவலையே கிடையாது. பனி உருகுவதற்காக ரோட்டில் தூவும் உப்பு, சக்கரத்திலிருந்து தெறித்துக் காரின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. கழுவாமல் விட்டால் இரும்பை அரித்துத் தின்றுவிடும். அதனால் நாமே கழுவிக்கொள்ளும் கொட்டகைக்குள் காரை விட்டு, பிரஷர் குழாயை எடுத்து, சிமென்ட் தரையில் ஒருக்களித்துப் படுத்து அடியில் தண்ணீர் பீய்ச்சுவேன். ஜாக்கெட்டின் கைக்குள் தண்ணீர் இறங்கி முழங்கை விறைத்துப் போகும். பின்னால் நிற்பவன் ஹார்ன் அடிப்பான். அடிக்கட்டும் என்று படுத்திருப்பேன்.

ஈரமாக வீட்டுக்குள் நுழையும்போது மனைவி காத்திருப்பாள். "எனக்குக் கால் வலிக்குதுன்னு எத்தனை தடவ சொல்லிருக்கேன், ஒரு நாள் குனிஞ்சு பாத்திருக்கீங்களா? அந்தக் காருக்கு மட்டும் படுத்துப் பாக்கறீங்க." பதில் சொல்ல முடியாத கேள்விகளைச் சனிக்கிழமைக்கென்றே எடுத்து வைத்திருப்பாள்.

உண்மையில் பதில் இருந்தது. அந்தக் கார் எங்கள் ஒரே மகளுக்கு. அவள் பென்சில்வேனியாவின் மேற்கு மூலையில் ஒரு காலேஜில் படிக்கிறாள். இங்கிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு முழுப்பகல் போய்விடும். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் அவள் லைசென்ஸ் வாங்கிய அன்றைக்கே சொல்லிவிட்டேன்: மூன்றாம் வருடம் ஹாஸ்டலை விட்டு வெளியே வீடு எடுக்கும்போது இந்தக் கார் உன்னுடையது. கார் இருந்தால் வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவள் வருடத்துக்கு மூன்று தடவைதான் வீட்டுக்கு வருகிறாள் என்றால் அதற்குக் காரணம் பஸ்தான் என்றும் நானே முடிவு செய்திருந்தேன்.

சென்னையில் புதுக் கார் வாங்கியவர்களுக்குத் தெரியும். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கு முன்பே ஷோரூம்காரர் கேட்டுவிடுவார்: "சார், அண்டர்கோட்டிங் அடிச்சுடலாமா?" கறுப்பாக, ரப்பர் போல ஒரு பூச்சு. அதை அடித்துவிட்டால் துருவைப் பற்றிய கவலை ஜென்மத்துக்கும் தீர்ந்தது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நானும் அந்த நம்பிக்கையில் வளர்ந்தவன்தான். முதல் குளிர்காலம் முடிந்த ஏப்ரலில், அடியில் ஆங்காங்கே செம்மண் நிறம் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவினேன். மத்தியானமே, நாலு ஸ்ப்ரே டப்பாக்களைக் காலி செய்து, பார்க்கிங்கில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்து, அடி முழுக்கக் கறுப்பு அடித்தேன். ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "செம மச்சி" என்றார்கள். ஒருவன் தன் காருக்கும் அடித்துத் தர முடியுமா என்று கேட்டான். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு குளிர்காலமும் அந்தக் கறுப்பைத்தான் கழுவிக்கொண்டிருந்தேன்.

இந்த மார்ச்சில், மகளிடம் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிடலாம் என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துக்காரர், வார்த்தையை வீணாக்காதவர். காரை லிஃப்டில் ஏற்றி, கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து நடுச்சட்டத்தில் தட்டினார். கணீரென்ற சத்தம் வரவில்லை. கொஞ்சம் அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. கறுப்புத் தோல் உரிந்து, அதன் உள்ளிருந்து ஈரமான துருப் பொருக்குகள் அவர் சட்டை மேல் உதிர்ந்தன.

"ஆர் அடிச்சது இந்தக் கறுப்பு?"

"நான்தான் அண்ணே."

"உப்பு முழுக்கப் போய், நல்லாக் காஞ்சாப் பிறகெல்லோ அடிக்க வேணும். நீங்கள் உப்பையும் ஈரத்தையும் உள்ளுக்கை வைச்சு மூடிப்போட்டியள். பிறகு மேலாலை கழுவி என்ன பிரயோசனம்?"

வெல்ட் பண்ணலாமா என்று கேட்டேன். வெல்ட் பிடிக்க நல்ல இரும்பு எங்கே இருக்கிறது என்று என்னைத் திருப்பிக் கேட்டார். "பிள்ளையை இதிலை ஏத்தாதேங்கோ," என்றார். அவ்வளவுதான். கறுப்பு அடிக்காமல், கழுவாமலேயே விட்டிருந்தால்கூட இன்னும் சில வருடம் ஓடியிருக்கும். அக்கறை காட்டித்தான் கெடுத்தேன். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

மறுநாள் மகளிடம் வீடியோ காலில் சொன்னேன். "நீங்களே சொல்லுங்க" என்று மனைவி ஃபோனை என் கையில் திணித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். வேறு கார் பார்க்கிறேன், கொஞ்சம் டைம் குடு என்றேன். அவள் முகத்தில் ஏமாற்றம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். அவள் நீளமாக மூச்சு விட்டாள். எனக்குத் தெரியும் அந்த மூச்சு. பரீட்சை தள்ளிப்போனால் விடுவாள்.

வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் பேசினாள். கோடையிலிருந்து கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டே மீதிப் படிப்பை ஆன்லைனில் படிக்கப் போகிறாளாம். படிப்பு முடிந்தபிறகும் அங்கேயே இருந்துவிடுவதாக எண்ணமாம். ரூம் பார்த்தாகிவிட்டது. கார் தேவைப்படாது. "ஐ டிட்ன்ட் நோ ஹவ் டு டெல் யூ, அப்பா," என்றாள்.

"உனக்கு இது எப்போ தெரியும்மா?"

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாலேயே என்றாள்.

சந்தோஷம்மா, நல்லாப் பண்ணு என்று சொல்லி ஃபோனை வைத்தேன். சந்தோஷமெல்லாம் ஒன்றும் இல்லை. டிசம்பர் லீவில் அவள் வந்திருந்தபோது, கூப்பிடாமலேயே என்னோடு கார் வாஷுக்கு வந்தாள். நான் தரையில் படுத்திருந்தேன். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஃபோன் வெளிச்சத்தைக் காரின் அடியில் பிடித்துக்கொண்டு, "அப்பா, யூ மிஸ்ட் எ ஸ்பாட்" என்று ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். காட்டிய இடமெல்லாம் கழுவினேன். அந்த வருடத்தில் அப்படி ஒரு நல்ல சனிக்கிழமை எனக்கு வேறு வாய்க்கவில்லை. அவளுக்கு அப்போதே தெரியும்.