பாக்கியத்தை ஆற்றில் முக்கியதும் கரையேற்றியதும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிப்போட்டதுபோல இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்கு ஒரு யூகம்தான். அச்சுக் கோக்கிறவர் தயவுசெய்து திருத்திக்கொள்ளட்டும். எழுத்தை மட்டும் திருத்தினால் போதும். மற்றதைத் திருத்தவிட்டு நான் பட்ட பாட்டைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

புதுக்கடைச் சந்தையில் கயிற்றுக்கடை வைத்திருக்கிறேன். கடைவேலை போக மிஞ்சிய நேரத்தில் கதை எழுதி, என் செலவிலேயே நான்கு புத்தகங்கள் போட்டுவிட்டேன். இப்போது சில இளைஞர்கள் கடைக்கு வந்து, கதை எழுதிப் புத்தகம் போடுவது எப்படி என்று கேட்கிறார்கள். எதிரே ஆள் நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. எத்தனை முழம் வேண்டும் என்று கேட்பதோடு சரி. அதனால் எழுதித் தருகிறேன். முதல் புத்தகத்தின் கதையைச் சொன்னாலே போதும். மற்ற மூன்றிலும் அதே ஆட்கள்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

1. ஃபாரம் என்றால் பதினாறு பக்கம்

என் கதாநாயகி பெயர் பாக்கியம். தேங்காய்ப்பட்டணம் ஆற்றுமுகத்தில் பிறந்தவள். தேங்காய்த் தொண்டு என்கிற மட்டையை ஆற்றில் ஊறப்போட்டு, அடித்து நார் எடுக்கிற வேலைக்காரி. அக்கரையில் கட்டிக்கொடுக்கிறார்கள். புருஷன் அடிக்கிறான். அவள் தாய் வீட்டுக்குப் போய்விடாதபடி, ஆற்றைக் கடத்துகிற வள்ளக்காரனிடம் ஏற்றாதே என்று சொல்லி வைக்கிறான். ஒருநாள் அவள் ஆற்றில் இறங்கி நீந்துகிறாள். இக்கரை ஏறிச் சேலையைப் பிழிந்து உடுத்துகிறாள். மறுநாள் காலையில் தொண்டு அடிக்கப் போய்விடுகிறாள். கதை அவ்வளவுதான்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. என்னைத் தெரியாத ஒருவர், நான் பக்கத்தில் இல்லாதபோது, அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டும். ஒருவர் போதும்.

நாகர்கோவிலில் ஒரு பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். முதலாளி கையெழுத்துத்தாள் கட்டைத் தூக்கிக் கையால் எடை பார்த்தார்.

"என்னவே, பாட்டா வசனமா?"

"வசனம். கதை."

"யாராவது சாவாளா?"

"இல்லை."

"பின்ன எவன்வே வாங்குவான்?"

அச்சு ஓடியது. கடைசியில் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு கணக்கு சொன்னார். காகிதத்தில் ஒரு தடவைக்குப் பதினாறு பக்கம் அடிப்பார்கள். அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். என் கதை ஐந்து ஃபாரம் முடிந்து, ஆறாவதில் மூன்று பக்கம் ஓடி நின்றுவிட்டது.

"மிச்சம் பதிமூணு பக்கம் வெள்ளையாக் கெடக்கு. அந்த மூணு பக்கத்தை இன்னும் கோக்கலை. பெரிய மனுசன்மாருகிட்ட அபிப்பிராயம் வாங்கிட்டு வாரும், சேத்தடிச்சு, வெட்டி முன்னால வச்சுத் தச்சிருவோம். பக்கமும் நெறயும், புஸ்தகத்துக்கு மீசை மொளச்ச மாதிரியும் இருக்கும்."

ஆகவே, ஒரு புத்தகத்தின் முன்னால் பெரியவர்களின் பாராட்டு நீளமாக ஓடுவதைக் கண்டால் மலைத்துவிடாதீர்கள். ஃபாரத்தில் இடம் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்.

2. அபிப்பிராயம் வாங்கப் போனது

பிரஸ் முதலாளி சொன்ன பண்ணையாரைத் தேடிச் சுசீந்திரத்துக்குப் பஸ் ஏறினேன். பண்ணையார் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் இருந்தார்.

"கதையில நெல்லு வருதா?"

"இல்லைங்க. தொண்டும் கயிறும்தான்."

"தொண்டா? நாத்தம்லா அடிக்கும்!"

இருந்தாலும் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினார். தன் பாட்டனார் குளம் வெட்டியது, அப்பா மண்டபம் கட்டியது, தான் அதற்கு வெள்ளையடித்தது எல்லாம் வரிசையாக வந்தன. கடைசி வரி, 'இப்புத்தகமும் நன்று' என்று முடிந்தது. கையெழுத்துத்தாளை அவர் தொடவில்லை. கையில் எண்ணெய் இருந்தது என்பது நியாயமான காரணம்தான்.

அடுத்தது எங்கள் பக்கத்து ஹெட்மாஸ்டர். பென்ஷன் வாங்கியவர். என்னை நிறுத்திவைத்துக் கடைசி மூன்று பக்கத்தை மட்டும் படித்தார்.

"முடிவைப் பார்த்தால் முழுசையும் பார்த்த மாதிரிதான்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "கட்டின புருஷனை விட்டுட்டு வந்தவள் உயிரோட கரையேறுகிறாளா?"

"ஆமா சார்."

"மறுநாளே வேலைக்கும் போகிறாளா?"

"ஆமா சார்."

"இதைப் படிச்சுட்டு நாலு பொம்பளைங்க ஆத்துல குதிச்சா யார் பொறுப்பு? நீயா, நானா? அவள் முழுகட்டும். வாசகர்கள் கண்ணீர் விடுவார்கள். நானும் என் பெயரைப் போடலாம்."

நான் "சரி சார்" என்றேன். எனக்கு வாயில் சுலபமாக வருகிற சொல் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து, ஆற்றின் நடுவில் அவள் கை ஓய்ந்தது என்று எழுதினேன். ஒரு வரிதான். ஒருத்தியைக் கொல்ல அதற்குமேல் தேவையில்லை. அவளைப் பிறப்பித்து வளர்த்து ஆற்றங்கரைவரை கொண்டுவர எனக்கு இரண்டு வருஷம் பிடித்திருந்தது.

'கதாநாயகியின் மரணம் கல்லையும் கரைக்கும்' என்று ஹெட்மாஸ்டர் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். அவரும் பண்ணையாருமே பதின்மூன்று பக்கத்தையும் நிரப்பிவிட்டார்கள். இன்னும் ஒருவரிடம் போயிருந்தால் கதைக்குத்தான் இடம் போதாமல் போயிருக்கும்.

3. நம்ம ஆளுதானே

புத்தகம் வந்தது. ஏழு சக்கரக் காசு விலை போட்டேன். பண்ணையார் தனக்கொன்று, தம்பிமாருக்கு ஆளுக்கொன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று என்று ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார், விலை என்ற பேச்சே வரவில்லை. ஹெட்மாஸ்டர் தம் பக்கங்கள் இருக்கின்றனவா என்று விரித்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள், "நம்ம ஆளுதானே, காசா கேப்பான்?" என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். நான் கேட்கவில்லை.

இலவசமாய்ப் போன பிரதி எந்த வீட்டிலும் திறக்கப்படாது. காசு கொடுத்தவனுக்குத்தான், கொடுத்த காசுக்காவது படித்துவிட வேண்டும் என்று வயிறெரியும். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மிச்சக் கட்டுகள் படுக்கிற அறையில் ஏறின. பாய் விரிக்க இடமில்லை. என் வீட்டுக்காரி தங்கம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பாக்கியத்தைக் கொண்டுவந்து இஞ்ச கெடத்தியாச்சு. இனி நான் எங்க கெடக்கட்டு?"

ஒரு புத்திசாலித்தனம் மட்டும் தெரியாமல் செய்திருந்தேன். தையல் கூலி கையில் இல்லாததால், பாதிக்குமேல் தைக்காமல் ஃபாரமாகவே பிரஸ்ஸில் விட்டிருந்தேன். நீங்கள் இதைத் தெரிந்தே செய்யுங்கள். தைத்துவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது.

4. விளித்தால்தான் போகும்

தங்கத்தின் வாய்க்குப் பயந்து, ஒரு கட்டைச் சந்தைக்குக் கொண்டுபோய்க் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் அடுக்கினேன். பக்கத்தில் மீன் விற்கிற கத்தரீனாள் எட்டிப் பார்த்தாள். தேங்காய்ப்பட்டணத்துக்காரி. அவள் மெதுவாய்ப் பேசினால் அடுத்த தெருவில் கேட்கும்.

"என்ன அண்ணே, இந்தக் கயிறு சதுரமா இருக்குது?"

"புஸ்தகம்."

"ஆரு எழுதினது?"

"ஒருத்தர்."

"அந்த ஒருத்தரு வெலைய விளிச்சுச் சொல்லமாட்டாரா? மீனே விளிச்சாத்தான் போவுது. கொஞ்சம் படிச்சுக் காட்டும், நாத்தம் உண்டுமான்னு பாப்போம்."

புத்தகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, முழங்காலுக்கே கேட்கும்படி படித்தேன். கேட்கவில்லை என்று அவள் நகர்ந்து வந்தாள். அவளிடம் மீன் வாங்க வந்தவர்களும் நகர்ந்து வந்தார்கள். பேசினவர்களை மற்றவர்கள் அதட்டினார்கள். இது வித்தை ஒன்றுமில்லை, என் தொண்டையின் குறை. கயிறு கேட்டு யாராவது வந்தால் பாதி வரியில் எழும்பிப் போவேன். கயிறு வாங்க வந்தவன்மேல் கூட்டம் எரிந்து விழும். மறு சந்தைவரை பொறுக்க மாட்டாதவர்கள் காசு கொடுத்து வாங்கிப்போனார்கள்.

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கட்டம் உண்டு. வெள்ளப்பெருக்கு தொண்டுக் கட்டுகளை அடித்துக்கொண்டு போக, பாக்கியம் குதித்து நீந்தி அவற்றை இழுத்துக் கரை சேர்க்கிறாள். அதற்குக் கத்தரீனாள் கைகொட்டினாள். "எனக்க ஊருக்காரியில்லா!" என்றாள்.

பல சந்தை கழித்துக் கடைசிப் பக்கங்களுக்கு வந்தேன். அவள் கை ஓய்ந்தது, முழுகினாள் என்று படித்து முடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. அழுகிறார்கள் என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன். ஒரு கண்ணும் நனையவில்லை.

"அண்ணே, தாள் மாறிப் போச்சா?" என்றாள் கத்தரீனாள்.

"இல்லை."

"பின்ன எப்பிடிச் சாவா? வெள்ளப்பொக்கத்துல தொண்டுக்கட்டை இழுத்துட்டு வந்தவ இல்லியா? இப்போ வெறுங்கையோட நீந்துதா. ஆத்துல வெள்ளமும் கொறவுன்னு நீருதானே படிச்சீரு. முங்கிச் சாவதுக்கு அவ என்ன கோழிக்குஞ்சா?"

கருப்பட்டி விற்கிறவர் ஒருவர், "ஆரோ கொன்னிருக்கினும். புருசன் ஆளு விட்டானா?" என்றார்.

"ஆரும் கொல்லலை."

"சும்மா சொல்லும் ஓய். ஆரு கொன்னது?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "ஹெட்மாஸ்டர்" என்று வாயில் வந்துவிட்டது.

"அவரு கதையில எங்க வந்தாரு?" என்றாள் கத்தரீனாள்.

அது நியாயமான கேள்வி. கதையில் வராத ஒருவர் கதாநாயகியைக் கொல்லலாமா? புத்தகத்தை மூடிவிட்டு, முதலில் எழுதியிருந்ததை வாயால் சொன்னேன். கரையேறினாள், சேலையைப் பிழிந்தாள், மறுநாள் வேலைக்குப் போனாள்.

"அதாக்கும்!" என்று பெருமூச்சு விட்டார்கள். உடனே கத்தரீனாள் கேட்டாள்:

"பொறவு? புருசன் தேடி வந்தானா? பெத்த தள்ளைக்காரி கதவைத் தொறந்தாளா? கூலி ஒழுங்காக் குடுத்தினுமா?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, கதை இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. ஆட்கள் 'பொறவு' என்று கேட்கிற இடத்தில் நிறுத்தாதீர்கள். அவர்கள் கேட்காத இடத்தில் தொடராதீர்கள். எழுதும் கலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

5. ஆறாவது ஃபாரம்

அவள் கரையேறுகிற மூன்று பக்கத்தையும் திருப்பிப் போட்டு, 'பொறவு' என்ன நடந்தது என்று எழுதினேன். அது சரியாக அந்தப் பதின்மூன்று பக்கத்தில் அடங்கியது. பிரஸ்ஸுக்குப் போய், தைக்காமல் கிடந்ததில் ஆறாவது ஃபாரத்தை எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கச் சொன்னேன்.

"அப்போ அபிப்பிராயம்?" என்றார் முதலாளி.

"இடமில்லை."

"அவ சாவமாட்டாளா?"

"சாவமாட்டா."

"என்னவே, புளியோதரை தின்னவன் மாதிரி தெம்பாப் பேசுதேரு!" என்று சிரித்தார். ஆனால் அடித்துக் கொடுத்தார்.

பழைய ஃபாரத்தை அவர் எடைக்குப் போட்டார். பண்ணையாரின் குளமும் மண்டபமும் பருப்புப் பொட்டலமாகி ஊரெல்லாம் சுற்றின. ஏதோ ஒரு வழியில் அவை படிக்கப்பட்டிருக்கும்.

செய்தி ஹெட்மாஸ்டர் காதுக்குப் போயிற்று. குடையோடு கடைக்கு வந்தார். நான் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவர் ஒரு புத்தகத்தை எடுத்து, தம் பெயரை முன்னால் தேடினார். இல்லை. பின்னால் போட்டிருப்பேன் என்று கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு வரியாகத் தேடினார். நின்றபடியே வெகுநேரம் தேடினார். நடுவில் ஒருமுறை, "அடப் பாவி, வாசல்வரை வந்துட்டானே!" என்று தமக்குத்தாமே சொன்னார். அது பாக்கியத்தின் புருஷனைப் பற்றியது. தேடி முடித்தபின் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். காசு கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

6. அக்கரையிலிருந்து வந்தவள்

அந்த வருஷம் மழை விட்ட பிறகு ஒரு சந்தைநாள். முன்பின் பார்த்திராத ஒரு பெண் கடை முன்னால் வந்து நின்றாள். கையில் துணிமூட்டை. எத்தனை முழம் என்று கேட்டேன்.

"கயிறு வேண்டாம்" என்றாள். மூட்டையிலிருந்து என் புத்தகத்தை எடுத்தாள். ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. "எழுத்தைக் கூட்டிக் கூட்டி முழுசும் படிச்சேன். பாக்கியம் தொண்டு அடிக்கிய எடம் எங்க? அங்க இன்னும் ஒரு ஆளுக்கு வேலை உண்டுமா?"

அவள் கன்னத்தில் ஒரு பக்கம் கறுத்துக் கிடந்தது. ஹெட்மாஸ்டர் பயந்ததுபோல ஆற்றில் குதித்து வரவில்லை. வள்ளத்தில் கடவுக்கூலி கொடுத்து வந்திருந்தாள்.

நான் ஆசைப்பட்ட அந்த ஒருவர் எதிரே நிற்கிறார். எனக்கோ நாக்கு எழும்பவில்லை. கடைசியில், "அது வந்து... அது கதை..." என்று தொடங்கினேன்.

கத்தரீனாள் கூடையை 'டப்' என்று இறக்கினாள்.

"நீரு சும்மா இரியும் அண்ணே! ஒருக்க கொன்னது போராதா?" என்றாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்த மூட்டையை வாங்கித் தன் வெறுங்கூடைக்குள் வைத்தாள். "வா மக்கா, நானும் அந்தப் பக்கம்தான். பாக்கியம் நேத்துத்தான் வேலைய விட்டா. அவளுக்க எடம் காலியாக் கெடக்குது."

இருவரும் நடந்து போனார்கள்.

கத்தரீனாள் அவளைச் சேர்த்துவிட்ட தொண்டடிக்கும் களத்து நாரில் திரித்த கயிறுதான் இப்போதும் என் கடையில் தொங்குகிறது. அவள் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள். பதின்மூன்று பக்க அபிப்பிராயத்தைப் படித்து யாரும் ஆறு கடந்து வந்ததாக நான் கேள்விப்படவில்லை. கதையில் யாரையாவது கொல்லச் சொல்லி உங்களிடம் ஒருவர் வந்தால், அவர் கதையில் எங்கே வருகிறார் என்று கேளுங்கள். கேட்க வாய் வராதவர்கள் என்னைப்போல் கத்தரீனாளுக்குப் பக்கத்தில் கடை போடுங்கள்.

புதுக்கடை,
கொல்லம் ஆண்டு 1112, ஐப்பசி 14.