ஏரிக்கரைக் கோட்டையின் வடக்குச் சுவர்

கனடாவில் வெளிவரும் எங்கள் தமிழ் வாரப் பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளில் பாதி இணையத்திலிருந்து வெட்டி ஒட்டியவை. அதனால், மோர்னிங்சைட்டில் வசிக்கும் ஒரு பெண்மணி, கிழக்கு ஐரோப்பாவில் ஏரிக்கரையோரம் இடிந்து கிடக்கும் ஒரு மத்தியகாலக் கோட்டையின் வரலாற்றை எழுதிக் கொண்டுவந்ததுமே சந்தேகப்பட்டேன். இவருக்கு அந்தக் கோட்டையில் என்ன அக்கறை?

வரிவரியாகச் சரிபார்த்தேன். கட்டிய பிரபு, எரித்த படை எல்லாம் சரி. "வடக்குச் சுவரோரம் ஒரு தமிழர் புதைக்கப்பட்டிருக்கிறார்" என்ற கடைசி வரி மட்டும் எங்குமே இல்லை. ஆள் அகப்பட்டுவிட்டார் என்று நினைத்து அலுவலகத்துக்கு அழைத்தேன்.

"அன்ரி, உந்தக் கடைசி வரியை எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"ஒரு இடத்திலயும் எடுக்கேல்லை. நீர் என்ன பொலிசோ?"

"ஆதாரம் இல்லாமல் போடேலாது, அன்ரி."

"புதைச்சது நாங்கள்தான், தம்பி. என்ர மனுசன். கனடாவுக்குக் களவா வரேக்க, கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் எங்களை அங்கதான் ஒளிச்சு வைச்சிருந்தவன். குளிரில காய்ச்சல் வந்து செத்துப்போனார். ஒரு கல்லு வைக்கக்கூட விடேல்லை. இப்ப அந்தக் கோட்டையைப் பாக்க ஆக்கள் போகினமாம். எங்கட ஆக்கள் ஆரும் போனால், அதில ஒருக்கா நிக்கட்டும்."

அதற்கும் ஆதாரம் கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

கட்டுரை முழுதாக வெளிவந்தது. உறுதிப்படுத்தாமல் நான் அச்சிட்ட ஒரே வரி அதுதான். அந்த மனிதருக்கு வேறு கல்லறை இல்லை.