எழுதி வைத்த தீர்ப்பு

“…பேசத்தானே சொன்னேன் லா, யோசிக்கவா சொன்னேன்?”

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பா கத்தினார். என் கையில் முதல் பரிசுக் கோப்பை. கோப்பை வாங்கி வந்த பிள்ளைக்குத் திட்டு விழுந்த வீடு அன்று புந்தோங் ஊரிலேயே எங்களுடையது ஒன்றுதான்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பிள்ளைகளின் பட்டிமன்றம் தவறாமல் இருக்கும். அப்பா சங்கச் செயலாளர். இரண்டு அணிக்கும் பேச்சை எழுதித் தருவது அவர்தான். ஒருவர் பேச்சுக்கு அடுத்தவர் சொல்லவேண்டிய மறுப்பையும் அவரே எழுதுவார். நடுவரின் தீர்ப்பும் முந்தின வாரமே தயாராகி, அப்பாவின் சட்டைப் பையில் மடிந்து கிடக்கும். “வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்று அடிக்கடி சொல்வார். வாய் மட்டும்தான் எங்களுடையது. அதிலிருந்து வந்ததெல்லாம் அவருடையது.

அந்த வருடத் தலைப்பு, நாம் விட்டு வந்த தோட்ட வாழ்க்கை சொர்க்கமா, நரகமா? பதினொரு வயதில் எனக்கு வாய்த்தது சொர்க்கம். தோட்டத்தை நான் பார்த்ததே இல்லை. நான் பிறப்பதற்குள் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள்.

பார்த்தவர் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா. பக்கத்துத் தெருவில் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியுமாக நாசி லெமாக் விற்றார். ஞாயிறு சாயங்காலம் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து நெத்திலித் தலை கிள்ளச் சொல்வார். சும்மா கிள்ளச் சொன்னால் ஓடிவிடுவோம் என்று, இரண்டு கட்சியாகப் பிரித்து வாதாட விடுவார். பாதியில் சட்டி மூடியைக் கரண்டியால் தட்டுவார். உடனே கட்சி மாற வேண்டும். அதுவரை திட்டியதற்கு நாமே வக்காலத்து வாங்க வேண்டும். யாராவது கதை அளந்தால், “யாரு சொன்னா? நீ பாத்தியா?” என்பார். பதில் இல்லாதவர்களுக்கு இன்னொரு முறம் நெத்திலி.

அப்பா எழுதிய சொர்க்கத்தை அங்கே ஒப்பித்துக் காட்டினேன். காலைக் காற்று, பறவைப் பாட்டு, ஒரே குடும்பமாக வாழ்ந்த லயத்து வரிசை வீடுகள்.

“நிறுத்து லா. யாரு சொன்னா?”

“அப்பா.”

“உங்கப்பன் தூங்கிக்கிட்டுல்ல இருந்தான்! விடியுறதுக்கு முன்ன வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல பேரு குடுக்க ஓடுனது நானு.”

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பால்மரம் சீவப் போனதையும், அந்தச் சம்பளத்தில் தம்பி காலுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கியதையும் நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

மேடையில் பறவைப் பாட்டுக்கு வருவதற்குள் எனக்குள் சட்டி மூடி தட்டியது. கட்சி மாறினேன். “எங்க அத்தை பன்னிரண்டு வயசுல மரம் சீவப் போனாங்க, எங்க அப்பா படிக்க. அது யாருக்குச் சொர்க்கம்?” என்று கேட்டேன்.

அடுத்து வந்த எதிரணிப் பையன், தாளில் உள்ளபடி, நான் சொல்லவே சொல்லாத பறவைப் பாட்டை மறுத்துவிட்டு உட்கார்ந்தான். நடுவர் அப்பா தந்த மடித்த தாளைப் பிரித்தார். பறவைப் பாட்டை உள்ளம் உருகச் சொன்னதற்காக எனக்கே முதல் பரிசு! கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்றும் எனக்கு எரிகிறது. பொய் என்று அடித்துச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சொல்லவே இல்லை என்று ஆக்கிவிட்டார்களே. அத்தை பட்டது உண்மைதான் என்று ஒரே ஒரு வாய் சொல்லக்கூடாதா?

ஆனால் அப்பாவின் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்திருந்தது. அதனால்தான் வாசலில் அந்தக் கத்தல். “ஊருக்கு முன்ன மானத்த வாங்கிட்டியேடி! எல்லாம் அந்த நெத்திலிச் சட்டி குடுத்த வாயி!”

“நான் சொன்னது பொய்யா? சொல்லுங்கப்பா!” நானும் கத்தினேன்.

அப்பா திரும்பி விறுவிறுவென்று அத்தை வீட்டுக்கு நடந்தார். சண்டைக்குத்தான் போகிறார் என்று கோப்பையோடு பின்னால் ஓடினேன். அதற்குள் செய்தி அங்கே போயிருந்தது.

“வா லா தம்பி,” என்றார் அத்தை, நிமிராமல். “எனக்கும் தீர்ப்பு எழுதிக் கொண்டாந்திருக்கியா?”

அப்பா செருப்பைக் கழற்றினார். தரையில் உட்கார்ந்து ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினார். பதில் சொல்லாமல் தப்பிக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கோப்பையை அவர் முன்னால் டங்கென்று வைத்தேன்.

அதை ஓரமாக நகர்த்திவிட்டு, இன்னொரு முறம் நெத்திலியையும் அப்பா தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.