மூடி திறந்த கிண்ணி

சுண்ணாம்பு ஆலையின் சோதனை அறையில் வேலை பார்த்தவளை எல்லாரும் 'மில்லிகிராம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவன் வேறு யாருமில்லை, அவள் தம்பியேதான். பின்னே? வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவாள். தம்பிக்கு முன்னாலேயே அவளோடு பிறந்தது பயம்.

யார் யாரையோ கெஞ்சி அவனுக்குச் சூளையில் வேலை வாங்கிக் கொடுத்தாள். அவனோ அவசரக் குடுக்கை; கல் வேகுமுன்னே இறக்கிவிடுவான். "இன்னொரு தடவை வேகாத கல் வந்தா, நீ வீட்டுக்குப் போகலாம்" என்று மேலாளர் சொல்லியாயிற்று.

வெந்ததா இல்லையா என்று சொல்வது அவளுடைய தராசு. சுண்ணாம்புக்கல் சூட்டில் தன்னுள் இருக்கும் வாயுவை விட்டு எடை குறையும். வாயு ஒன்றும் அழிந்துபோகாது, காற்றோடு போய்க் கலந்துவிடும், அவ்வளவுதான். சூளையில் நன்றாக வெந்ததை மறுபடி சுட்டால் எடை அநேகமாக அப்படியே இருக்கும். குறைந்தால், உள்ளே பச்சைக்கல் இருக்கிறது என்று அர்த்தம்.

அன்று நல்ல மழை. வழக்கம்போல் இரண்டு பீங்கான் கிண்ணிகளில், தம்பி இறக்கிய கல்லின் தூளைச் சுட்டு, மூடி ஆறவைத்து, முதல் கிண்ணியை எடை போட்டாள். குறைந்திருந்தது, நிறையவே.

"என்னக்கா?" தம்பி வாசலில் நின்றான்.

"போச்சுடா."

அவன் உள்ளே வந்தான். "மூடியை எடுத்துட்டு அப்படியே விடேன். மழைக் காத்து. சுண்ணாம்பு ஈரத்தை இழுத்து எடை ஏறிடும்னு நீதானே சொல்லுவே?"

"வேணாம்டா, பயமா இருக்கு."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்லை?"

திறந்துவிட்டாள். தராசில் எண் மெல்ல ஏறியது. போதுமான அளவு வந்ததும் மூடிவிட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்தா மேலாளர் வரவேண்டும்! டீயும் கையுமாக உட்கார்ந்தவர், வீட்டுக் கூரை ஒழுகும் கதையை ஆரம்பித்தார். ஆரம்பித்தார், முடிக்கிற வழியைக் காணோம். அவர் எதிரில் எப்படி மூடுவது? எண் ஏறிக்கொண்டே இருந்தது.

கடைசியில் எழுந்து தராசைப் பார்த்தார். பக்கத்துத் தாளில் சுடுமுன் எடுத்த எடை இருந்தது.

"என்னம்மா இது? சுட்ட பிறகு எடை கூடியிருக்கு! தராசு கெட்டுப்போச்சா?"

'ஆமாம்' என்றால் போதும். தம்பி கண்ணாலேயே கெஞ்சினான். அவன்மேல் அவளுக்கு உயிர்.

"தராசு நல்லாத்தான் சார் இருக்கு," என்றாள். "நான்தான் மூடியைத் திறந்து வச்சேன். இன்னொரு கிண்ணி மூடியே இருக்கு. அதைப் போடறேன்."

அதை எடுத்துத் தராசில் வைத்தாள். எண் நிற்காமல் ஆடியது.

தம்பி அது நிற்கும்வரை காத்திருக்கவில்லை.

"நீ பாத்துப் போடுக்கா," என்றான். "சூளைக் கொக்கியில என் சட்டை தொங்குது. எடுத்துட்டு வந்துடறேன்."