நாற்காலி போட இடம் தேடி வெளியே வைத்த சைக்கிள்

தீபாவளியன்று காலை பதினொன்று இருபதுக்கு, எங்கள் கெலுகோர் வீட்டு வாசலில் மகளின் பந்தய சைக்கிளைக் காணவில்லை.

என் பழைய காரைவிட விலை கூடியது அது. தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருந்தாள். எப்போதும் ஹாலில்தான் இருக்கும். பண்டிகைக்கு வருவோருக்கெல்லாம் வீட்டைத் திறந்து விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்கு நாற்காலி போட இடமில்லை என்று, அவள் குளிக்கப் போன நேரத்தில் நான்தான் வெளியே தள்ளி வைத்தேன்.

வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறதே என்று ஒரு தைரியம். அதை எடுத்துக் கொடுத்த முகவர் குமாரும் விருந்துக்கு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கடித்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டார்.

"அக்கா, வீட்டுக்குள்ள பூந்து திருடினாதான் உங்க பாலிசியில கிடைக்கும். வெளிய பூட்டாம வெச்சா கிடைக்காது லா. இவ்ளோ விலைன்னா தனியா எழுதிக் கொடுக்கணும். நீங்க சொல்லவே இல்லையே!"

அதற்குள் மகள் தலையைத் துவட்டியபடி வந்தாள். "அம்மா, என் சைக்கிள் எங்க?"

அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் படபடக்கிறது. மறுவாரமே சைக்கிளை அதன் விலையோடு பாலிசியில் தனியாகச் சேர்த்து, வெளியே பூட்டி வைத்தாலும் செல்லுபடியாகும்படி மாற்றிவிட்டேன். நல்ல பூட்டும் வாங்கினேன். இனி எத்தனை விருந்தாளிகள் வந்தாலும் சைக்கிள் ஹாலில்தான்.

அன்று மகளுக்கு நான் பதில் சொல்வதற்குள் கேட் திறந்தது. புது வேட்டியை மடித்துக் கட்டி, கைப்பிடியில் ஐஸ் பை தொங்க, என் கணவர் அதே சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஐஸ் கரையுது, யாராவது பிடிங்க! நம்ம காரை எடுக்க முடியாம எல்லாரும் மறிச்சு நிறுத்திட்டாங்க. ஏம்மா, இதுல ஒரு ஸ்டாண்டுகூட இல்ல, என்னா சைக்கிள் வாங்கின நீ?"