மச்சான் ஜெயித்த மீசை

எனக்கு மீசை முளைத்தது எந்த வருஷம் என்று கேட்டால் தெரியாது. எஸ்.எல்.ஆர். துப்பாக்கி முதன்முதலாகக் கைக்கு வந்த நாள் மட்டும் நேற்று மாதிரி இருக்கிறது. ராணுவப் பயிற்சி முகாமில் அதைத் தோளில் வைத்து முதல் குண்டைச் சுட்டதும் என்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பயிற்சி தந்த உஸ்தாத் இந்தியில் திட்டினார். என்ன திட்டினாலும் எனக்கு உறைக்கவில்லை. விசையை அழுத்தினால் குண்டு பாய்கிறது, வெறும் கூடு தானாக வெளியே தெறிக்கிறது, அடுத்த தோட்டா தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மறுபடி விசையை அழுத்துவதைத் தவிர நமக்கு வேறு வேலையே இல்லை. அப்படிப்பட்ட துப்பாக்கியைக் காதலிக்காமல் எப்படி இருப்பது?

எழுபதுகளின் கடைசியில் லீவில் வந்தபோது எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். அரும்பாவூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு அரியலூருக்கு நிச்சயதார்த்தத்துக்குப் போனோம். பெண்ணின் அண்ணன் ஆயுதப்படை போலீஸ். எனக்கு மச்சான் ஆகப்போகிறவர். பெரிய மீசை, அதற்கேற்ற பெரிய குரல். தாம்பூலத் தட்டு மாற்றுவதற்குள்ளேயே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, உங்களுக்கு என்ன துப்பாக்கிங்க குடுத்துருக்காங்க?"

"எஸ்.எல்.ஆர்.ங்க."

அவர் உதட்டைப் பிதுக்கினார். பெண் கறுப்பு என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

"அதெல்லாம் தையல் மிஷினுங்க மாப்ள. மண்ணு பட்டா மக்கர் பண்ணும். த்ரீ நாட் த்ரீ இருக்கே, அதான் துப்பாக்கி. ரெண்டு பெரிய சண்டையப் பாத்தது. சேத்துல போட்டு மிதிச்சு எடுத்துச் சுடு, சுடும்."

"ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்ட இழுத்து, தள்ளி, பூட்டணும். அதுக்குள்ள எதிரி டீ குடிச்சிட்டு வந்துருவான்."

"போல்ட் இழுக்கத் தெரியாதவன் சொல்ற பேச்சு அது."

குரல் ஏறிவிட்டது. இரண்டு பக்கப் பெரியவர்களும் நகை விஷயத்தில் தகராறு என்று நினைத்துப் பதறி ஓடிவந்தார்கள். துப்பாக்கி என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தத்தோடு யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது.

"உங்க த்ரீ நாட் த்ரீயவே குடுங்க. அதுலயே உங்கள ஜெயிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

"தோத்தா?"

"மீசைய எடுத்துடுறேன். நீங்க தோத்தா நீங்க எடுக்கணும்."

"சரி" என்று அவர் என் கையில் அடித்தார்.

பெரம்பலூரைத் தாண்டிப் பச்சைமலை அடிவாரத்தில் போலீசுக்கு ஒரு சுடும் மைதானம் இருந்தது. மைதானம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் பாறை, நடுவில் கருவேல முள் வெட்டிய பொட்டல், கோடியில் மண்மேடு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அங்கே மச்சானின் ஆட்களுக்கு வருடாந்திரப் பயிற்சி. பொறுப்பில் இருந்த இன்ஸ்பெக்டர் முன்னாள் ராணுவக்காரர். வெளி ஆளைச் சுடவிடக் கூடாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பந்தயத்தைக் கேட்டதும் அவருக்கே கை அரித்துவிட்டது. "ஆளுக்குப் பத்து. மொத அஞ்சு நிதானமா, அடுத்த அஞ்சு வேகமா" என்று அவரே விதியும் போட்டார்.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிழட்டுத் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எண்ணெய் ஊறிய மரக்கட்டை, பல பேர் கன்னம் பட்டு வழுவழுத்துப் போயிருந்தது. படுத்துக் குறிபார்த்து முதல் குண்டைச் சுட்டேன். தோளில் கழுதை உதைத்த மாதிரி ஓர் உதை! சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. நிதானமாக ஐந்தும் சுட்டேன். நாலு நடுவில், ஒன்று கொஞ்சம் தள்ளி. மச்சானுக்கு மூன்றுதான் நடுவில். போலீஸ்காரர்கள் முகம் சுருங்கியது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

அடுத்து வேகச் சுற்று. முதலில் மச்சான் படுத்தார். விசில் ஊதியதும் அவர் கை செய்த வேலையை எப்படிச் சொல்வது! கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போல்ட் குமிழை விடவே இல்லை. நடுவிரலால் விசையை அழுத்துகிறார், அதே வீச்சில் போல்ட் பின்னால் போய் முன்னால் வந்துவிடுகிறது. கன்னம் கட்டையை விட்டு நகரவில்லை. என் எஸ்.எல்.ஆருக்கே பொறாமை வந்திருக்கும். ஐந்தும் குறி அட்டையில் ஏறியதும் நானே கை தட்டிவிட்டேன், எதிராளி என்பதை மறந்து.

பிறகு நான். விசில். முதல் குண்டு போனது. மறுபடி விசையை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. விசை தொளதொளவென்று செத்துக் கிடந்தது. துப்பாக்கி மக்கர் என்று நினைத்தேன். உடனே என் இடது கை தானாகப் போய் இடது பக்கத்தில் எதையோ தேடியது. எஸ்.எல்.ஆர். மக்கர் பண்ணினால் இழுக்கிற கைப்பிடி இருக்கும் இடம் அது. த்ரீ நாட் த்ரீயில் அங்கே என்ன இருக்கும்? வெறும் மரம்தான். வெறும் மரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, போல்ட்டு! போல்ட்டு!" என்று மச்சானே கத்தினார்.

புரிந்து போல்ட்டை இழுத்தேன். படபடப்பில் அடுத்த குண்டுக்கும் மறந்தேன். இறுதி விசில் ஊதும்போது தோட்டாக்கள் மிச்சம் இருந்தன. தூரத்து மண்மேட்டில் குண்டு படவில்லை என்று சிவப்புக் கொடியை ஆட்டினார்கள். போலீஸ்காரர்கள் ஆடிய ஆட்டத்தைக் கேட்க வேண்டாம்.

தோற்றது வலித்தது. அதோடு அந்தத் துப்பாக்கியின் மேல் ஒரு மரியாதையும் வந்திருந்தது. "வாங்க, சவரக் கடைக்குப் போவோம்" என்று நானே கிளம்பினேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு கடை. நாற்காலியில் உட்கார்ந்து மீசையை எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்பா எப்பங்க தவறினாங்க?"

மச்சானின் சிரிப்பு பட்டென்று நின்றது. எங்கள் பக்கம் அப்பா இருக்கிற பிள்ளை மீசையை எடுப்பதில்லை. மழித்த முகத்தைப் பார்த்தால் துக்கம்தான் விசாரிப்பார்கள். அந்த முகத்தோடு நான் மணையில் உட்கார்ந்தால்? இரண்டு பேருக்கும் அப்போதுதான் புத்தி வந்தது.

"எந்திரிங்க மாப்ள. என் தங்கச்சி கல்யாணம்ங்க!"

"பேச்சுன்னா பேச்சுதான். கடைக்கார அண்ணே, நீங்க எடுங்க."

ஜெயித்தவர் கெஞ்ச, தோற்றவன் முறைக்க, கடைக்காரர் கத்தியோடு நடுவில் நின்றார். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் போலீஸ்காரன் தயவில் மிஞ்சிய மீசையோடு ரெஜிமென்டுக்குத் திரும்புவதா? வீம்பு விடவில்லை. பிறகு மச்சானுக்கு ஒன்று தோன்றியது.

"இந்த மீசை இப்ப யாரோடது?"

"நீங்க ஜெயிச்சது. உங்களோடதுதான்."

"அப்ப சரி. இத என் தங்கச்சிக்குச் சீரா குடுத்துட்டேன். இனிமே அவ சொன்னாதான் எடுக்கணும்."

கடைக்காரர் சட்டென்று கத்தியை மடக்கி வைத்துவிட்டார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

கல்யாணத்தன்று மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பெண், மேளச் சத்தத்துக்கு நடுவில் என் பக்கம் லேசாகச் சாய்ந்தாள். அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ரெண்டு தடவ போல்ட் இழுக்க மறந்துட்டீங்களாமே?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புரோகிதர் முறைத்தார்.

"மீச இருக்கட்டும். நான் சொல்றப்ப எடுத்தாப் போதும்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவிலும் அதுதான் அவளுடைய ஆயுதம். நான் கோபத்தில் கத்தினால் பதில் பேச மாட்டாள். ஒரு விரலால் தன் மேலுதட்டை மெல்லத் தடவுவாள். நான் அடங்கிவிடுவேன். மச்சான் வரும்போதெல்லாம் த்ரீ நாட் த்ரீயா எஸ்.எல்.ஆரா என்று வீடு இரண்டுபடும். அவள் எங்களுக்கு டீ வைத்துவிட்டு, யார் பக்கமும் சேராமல் உட்கார்ந்து கேட்பாள்.

எண்பதுகளின் நடுவில் அப்பா தவறினார். தந்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் எனக்காகக் காத்திருந்தது. வாசலில் மணைப்பலகையைப் போட்டு உட்காரவைத்தார்கள். சவரம் செய்பவர் தண்ணீர் தொட்டு என் மேலுதட்டை நனைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற மச்சானுக்கு மட்டும் புரிந்தது. அவர் விலகி, என் மனைவியின் முகம் தெரிய வழி விட்டார். பெண்கள் கூட்டத்தில் அழுதுகொண்டிருந்த அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று தலையசைத்தாள்.