தருமபுரியில் திரும்பாத மாடு

பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: அந்த வீட்டில் கூட உட்கார்ந்து கேட்கப்போவது யார்? ஒரு பெயரைச் சொல்வதற்கு இவ்வளவு விசாரணையா என்று முகம் சுளிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் மடமடவென்று பெயர்களை அடுக்கியவள்தான்.

எண்பதுகளின் நடுவில், தருமபுரியில் திரும்பிப் போக வேண்டிய பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஒரு தகரப் பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள் பள்ளிக்கு வந்திருந்தன. வகுப்பில் வாசிக்க ஏற்றவை எவை, வீட்டில் குடும்பத்தோடு வாசிக்க ஏற்றவை எவை என்று பட்டியல் எழுதி அனுப்பும்படி மேலிடத்திலிருந்து கடிதமும் வந்தது.

"பெட்டியில இருக்கறதை அப்படியே வரிசையா எழுதி அனுப்பிடுங்க டீச்சர். அதை யாரு பாக்கப் போறாங்க?" என்றார் தலைமையாசிரியர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிள்ளைகளை ஏமாற்றாத புத்தகம்தான் நல்ல புத்தகம் என்பது அப்போது என் கட்சி. தொலைந்ததெல்லாம் கடைசிப் பக்கத்தில் கிடைத்துவிடுகிற கதைகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. பெட்டியில் எனக்குப் பிடித்தது, பதினாறு பக்கத்தில் ஒரு மாட்டுக் கதை. ஓர் உழவர் வீட்டுக் காளை சந்தைக் கூட்டத்தில் தொலைந்துபோகிறது. வீடே தேடுகிறது, மாடு கிடைக்கவில்லை. அறுந்து விழுந்த கழுத்து மணியை மட்டும் எடுத்துவந்து ஆணியில் மாட்டிவிட்டு, மறுநாள் இரவல் மாட்டோடு உழவுக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. படித்து முடித்தபோது என் கண் கலங்கியது. பட்டியலில் முதல் பெயராக அதை எழுதி, 'எல்லா வீட்டுக்கும் ஏற்றது' என்று பக்கத்தில் குறித்தேன்.

குறித்தால் போதுமா, சரிபார்க்க வேண்டாமா? ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்து, வீட்டில் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு ஒரு வாரத்தில் திருப்பித் தரச் சொன்னேன். கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

மாட்டுக் கதை நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் போனது. தெலுங்கு வீட்டுப் பிள்ளை. ஆனால் தமிழைத் தண்ணீர் பட்ட பாடாக வாசிப்பாள். அவளுடைய அம்மாவுக்கு எழுத்து தெரியாது, தமிழும் பேச்சளவுதான். அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் கடிதமும் இல்லை, ஆள் மூலம் சேதியும் இல்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தைக் கேட்டேன்.

"இன்னும் முடியலைங்க டீச்சர்" என்றாள்.

அடுத்த வாரமும் அதே பதில். நாலாவது வாரமும் அதே. பதினாறு பக்கம், அதிலும் பாதி படம். "எழுத்துக் கூட்டிப் படிக்கறவனே மூணு நாள்ல முடிச்சுட்டான். உனக்கு என்ன கேடு?" என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டாள். 'வீட்டில் வாசிப்பதே இல்லை' என்று நோட்டில் எழுதினேன்.

அந்த வாரச் சந்தையில் அவளுடைய அம்மா கத்தரிக்காயைக் கூறு கட்டி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அம்மா எழுந்து நின்றார்.

"பாப்பா வூட்டுல கதை படிக்கிறாளாங்கம்மா?" என்று கேட்டேன். மாட்டிவிட வேண்டும் என்றுதான் கேட்டேன்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "தினம் சாயங்காலம் சொல்றாங்க டீச்சர். புஸ்தகத்தைப் பாத்துப் பாத்து எங்க பாஷையில சொல்றா. மாடு பெங்களூர்ல இருந்து கெளம்பி ஓசூரு வந்துச்சா, அங்க ஒரு புண்ணியவான் தண்ணி காட்டுனான். கிருஷ்ணகிரியில கால்ல அடிபட்டுப் படுத்துக் கெடந்துச்சு. அதான் தாமசம்." சொல்லும்போதே சிரிப்பு வந்தது அவருக்கு. "போன வாரம் தருமபுரி வந்துட்டுதுங்க. சரி, வூடு வந்து சேந்துரும்னு பாத்தா, பாழாப்போனது நம்ம பக்கம் திரும்பாம நேரா அதியமான்கோட்டைக்குப் போயிடுச்சு! வழி கேக்கத் தெரியாத மாடுங்க டீச்சர். இனிமேத்தான் திரும்பி வரணும்."

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எதற்கு என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன்னை மட்டும்தான் கெடுத்துக்கொள்ளும்.

"அந்த மாடு வராதுங்கம்மா" என்றேன், சிரித்துக்கொண்டே. "அது பெங்களூருக்கே போகலை. சந்தையிலயே தொலைஞ்சு போச்சு. உங்க பொண்ணு இல்லாததைச் சொல்லியிருக்கா." பையிலிருந்து புத்தகத்தை நானே எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன்.

ஆணியில் மணி தொங்கும் அந்தப் படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மணி மட்டுந்தானுங்களா?"

"மணி மட்டுந்தாங்க."

மகளைத் திரும்பிப் பார்த்தார். கீழே உட்கார்ந்து, ஏற்கெனவே கட்டி வைத்திருந்த கூறுகளைக் கலைத்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தார். பெங்களூர் என்று அவர் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

"கதைதானுங்கம்மா... பாப்பா சொல்ற மாதிரியே வெச்சுக்கலாம். அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"வேண்டாங்க டீச்சர்" என்றார், நிமிராமல். "புஸ்தகத்துல எழுதுனவங்களுக்குத் தெரியாதுங்களா?"

என் பட்டியல் அதற்கு இரண்டு நாள் முன்பே தபாலில் போயிருந்தது. எல்லா வீட்டுக்கும் ஏற்றது என்ற குறிப்போடுதான் போனது.

அடுத்த பள்ளி நாள் காலையில், மணி அடிப்பதற்கு முன்பே அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள்.

"முடிஞ்சிருச்சுங்க டீச்சர்" என்று புத்தகத்தை நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டேன். "அம்மாவுக்குச் சொன்னயில்ல கண்ணு, அந்தக் கதையை எனக்கும் சொல்லேன். உங்க பாஷையிலயே சொல்லு. அதியமான்கோட்டையில இருந்து மாடு அப்புறம் எங்க போச்சு?" கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மாட்டை எப்படியாவது திருப்பிவிட்டால் போதும் என்றிருந்தது.

அவள் முதல் பக்கத்தைப் பிரித்தாள். வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பதுபோல நேராக நின்றுகொண்டாள். தமிழில், ஓர் எழுத்துப் பிசகாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நான் சொல்லிக் கொடுத்தபடியே பதினாறு பக்கத்தையும் வாசித்தாள். மணியை ஆணியில் மாட்டினார்கள் என்று வாசித்து, மூடி, என் மேசைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.